மூணாறில் கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதம். இடுக்கி மாவட்டம் மூணாறில் தேயிலைத் தோட்ட லயங்களின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. அதை நாம் ‘ஸ்டார்’ என்கிறோம். அது ஆங்கிலச் சொல்தான். இயேசு பிறந்த குடிலுக்கு ‘கிரிப்’ என்று பெயர். வீடு வீடாகப் போய்ப் பாடும் பாட்டு ‘கேரல்’. ‘கேக்’ குழந்தைக்கும் தெரியும். கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு செய்தார் என்பார்கள்.

வாழ்த்துச் சொல்வதில் கவனம் வேண்டும். பலர் ‘மேரி கிறிஸ்துமஸ்’ என்கிறார்கள். மேரி என்பது இயேசுவின் தாயார் பெயர். வாழ்த்தில் வருவது ‘மெர்ரி’. அதற்கு ‘மகிழ்ச்சியான’ என்று பொருள்.

கடைப் பலகையில் ‘எக்ஸ்மஸ்’ என்றும் எழுதியிருக்கும். பெருக்கல் குறி போன்ற அந்த எழுத்து, கிரேக்க மொழியில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து. அதையும் ‘கிறிஸ்துமஸ்’ என்றே வாசியுங்கள்.