மேல்வீட்டுக்காரரைக் கீழே கூப்பிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அழாத குறையாகச் சொன்னதெல்லாம் மனசிலேயே நிற்கிறது. அப்போதே பதில் சொன்னால் உன் கோபத்துக்கு நடுவே பாதி காதில் விழாது என்றுதான் எழுதுகிறேன்.

மேல்வீட்டார் வேண்டுமென்றே சத்தம் செய்கிறார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப்பணித் துறையில் கட்டடங்களோடு காலம் தள்ளியவன், ஓய்வு பெற்றபின் குடியிருப்புச் சங்கச் செயலாளராக இந்தப் பஞ்சாயத்துகளையே பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கீழே என்ன கேட்கிறது என்பது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

உங்களுடையது போன்ற கட்டடத்தில் தளம் சுமார் 5 அங்குலக் கான்கிரீட். பேச்சும் டிவி சத்தமும் காற்றில் வருபவை; அவற்றைக் கான்கிரீட் பெரும்பாலும் தடுத்துவிடும். நாற்காலியை இழுப்பது, குதிகாலை ஊன்றி நடப்பது, மேடையில் கிரைண்டர் அதிர்வது எல்லாம் வேறு ஜாதி. அவை தளத்தையே நேராக இடிக்கின்றன. டைல்ஸ் சிமெண்டோடு ஒட்டிக் கிடக்கிறது, நடுவே மெத்தென்று ஒன்றும் இல்லை. நாற்காலிக் காலின் ரப்பர் குமிழ் தேய்ந்துபோயிருந்தால், மேலே லேசான கீச்சு. உன் கட்டிலுக்கு நேர் மேலே அது இடிமுழக்கம். நீ விசாரித்த ஃபால்ஸ் சீலிங்குக்குக் காசைக் கொட்டாதே. சத்தம் சுவர் வழியாகவும் இறங்கும்.

எந்த வீட்டுச் சத்தம் என்பதே ஏமாற்றும். எங்கள் பிளாக்கில் ஒருவர் இரவில் ‘உம்ம்’ என்று ரீங்காரம் கேட்கிறது, மேல்வீட்டு ஏசிதான் என்று மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். பார்த்தால் கீழே சம்ப் மோட்டார்! மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் குழாயை அவர் படுக்கையறைச் சுவரோடு இரும்பு கிளாம்ப் வைத்து இறுக்கியிருந்தார்கள். பிளம்பர் நடுவில் ரப்பர் பட்டை வைத்தார், அடங்கிவிட்டது. அந்த இரண்டு குடும்பமும் மட்டும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அதனால் முதலில் ஒரு வாரம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வை: எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன மாதிரி சத்தம். பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் மேலே போ. ராத்திரி சத்தம் கேட்ட சூட்டோடு போகாதே. “சத்தம் போடுறீங்க” என்று ஆரம்பிக்காமல், “ஒரு காபி குடிக்க எங்க வீட்டுக்கு வாங்க” என்று சொல். வந்தவர் உன் படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும்போது, மேலே அவர் பையனையே விட்டு நாற்காலியை இழுக்கச் சொல். நான் செயலாளராக இருந்தபோது பெரும்பாலான தகராறுகள் இந்த ஒரு வைத்தியத்தில் தீர்ந்தன. “ஐயையோ, இப்படியா கேக்குது?” என்று அவர்களே பதறுவார்கள். அப்புறம் கேட்க வேண்டியதும் சின்னதுதான்: நாற்காலிக்குப் புது ரப்பர், கிரைண்டருக்கு அடியில் ரப்பர் மேட், பிள்ளைகள் ஆடும் இடத்தில் ஒரு கனத்த விரிப்பு. அமெரிக்க ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் சாப்பிடுகிறவரைச் சமைக்காதே என்று சொல்ல முடியாது. ஓடுகிற குழந்தையையும் கட்டிப்போட முடியாது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் வேண்டாம் என்று கேட்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதே. நாற்பது வீட்டார் முன்னால் தலைகுனிய எவரும் விரும்பமாட்டார். அதோடு காபி, நாற்காலி எல்லாம் போச்சு. பெங்களூரில் இருக்கும் அவர்கள் வீட்டு ஓனருக்குப் போன் போடுவதும் இப்போது வேண்டாம். வாடகைக்கு இருப்பவருக்கு அது காலி செய்யச் சொல்லும் மிரட்டலாகத்தான் படும்.

போலீஸ் பற்றிக் கேட்டாய். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தாலோ, கட்டட வேலைக்குச் சத்தமான இயந்திரம் ஓட்டினாலோ தயங்காமல் 100-க்கு அடி. ஆனால் நாற்காலிக்கும் காலடிக்கும் அந்த விதியைத் தூக்கிக்கொண்டு போனால், வந்த ஏட்டு இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொல்லிவிட்டுப் போவார். பலமுறை பேசியும் நடக்கவில்லையென்றால் சங்கத்துக்கு எழுத்தில் கொடு, காலண்டர் தாளில் குறித்ததையும் சேர்த்து. பகலில் டிரில் போடும் நேரம் போன்றவற்றைச் சங்கமே தன் துணைவிதியில் வரையறுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் அதைக் கேள்.

இன்னொன்று. உங்கள் புது வாஷிங் மெஷின் துணி பிழியும்போது நடந்தே போகிறது என்று சிரித்தாயே, அதன் பின்பக்கம் லாரியில் வரும்போது போட்ட போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பார். கீழ்வீட்டம்மா பாவம், உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கலாம்.

மாப்பிள்ளையை விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கைத் தட்டுவதை நிறுத்தச் சொல். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் போகும், அங்கிருந்தும் ஒரு வழக்கு வந்து சேரும்.

அன்புடன்,
பெரியப்பா