பேறுகாலமும் இரண்டாம் அம்பும்



சம்யுத்த நிகாயத்தில் அம்பு பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. தம்மம் கேளாதவன் உடல்நோவு வந்தபோது அழுது அரற்றி மனநோவையும் தேடிக்கொள்கிறான். ஓர் அம்பு தைத்தவன் மற்றோர் அம்பையும் ஏற்பதற்கு அஃது ஒப்பாகும். தம்மம் கேட்டவனுக்கோ ஓர் அம்பின் நோவே உண்டு. அந்த முதல் அம்பு அவனையும் தைக்கிறது என்பதைக் கருதுக. இச்சூத்திரத்தைப் பலமுறை ஓதியும் அந்தப் பாதியை நான் கருதாது விட்டேன். அதனால் விளைந்த தீங்கைக் கூறியே இப்பாடத்தைத் தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் விகாரைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களுக்கு மூச்சுத் தியானம் கற்பித்தேன். மனம் அடங்கினால் பிரசவ வலியே தோன்றாது என்று மேடையிலே உறுதி கூறினேன். அரைகுறையாய்ப் படித்தது பாதி, ஆர்வம் பாதி. தலைச்சன் பிள்ளை சுமந்த பெண் ஒருத்தி அதை மெய்யென நம்பி நாள்தோறும் பழகினாள். பேறுகாலம் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் நொந்தாள், அலறினாள். முடிவில் அறுவைச் சிகிச்சையால் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலமே. பதினைந்து நாள் கழித்து நான் பார்க்கச் சென்றபோது, ‘ஐயா, நான் சரியாகத் தியானம் செய்யவில்லை, தம்மத்திற்கே இழுக்குத் தேடிவிட்டேன்’ என்று அவள் கண்ணீர் விட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானன்றோ? அவளுக்கு நேர்ந்த வலி முதல் அம்பு. வெட்கம் என்னும் இரண்டாம் அம்பை எய்தவன், அதைப் பிடுங்கக் கடமைப்பட்ட போதகனாகிய நானே.

அதன் பின்னர்தான் இதனை ஒழுங்காகக் கற்கத் தொடங்கினேன். கற்றதைக் கூறுகிறேன்.

மேனாட்டார் ஹிப்னாடிஸம் என வழங்குவதை நாம் மனோவசியம் என்று எழுதி வந்தோம். அச்சொல்லே கேடு விளைத்தது. வசியம் என்றதும் மையும் தகடும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது தூக்கமன்று. ஒருவரை மற்றொருவர் ஆட்கொள்வதுமன்று. சிதறிய கவனம் ஒன்றில் குவிந்து, கேட்கும் நற்சொல்லுக்கு உள்ளம் இசைந்து கொடுக்கும் நிலையே அது. ஜேம்ஸ் பிரெய்டு என்னும் மருத்துவர் 1840-களில் இப்பெயரைப் பரப்பினார். அதே காலத்தில் நம் நாட்டில், வங்காளத்து ஹூக்ளியில், 1845-ஆம் ஆண்டு ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் கம்பெனி மருத்துவர், இதற்கு முன்னோடியான மெஸ்மரிஸ முறையால் நோயாளரை மயங்கச் செய்து அறுவைச் சிகிச்சை புரிந்தார். அவர் முதன்முதல் சோதித்துப் பார்த்தது ஒரு சிறைக்கைதியின் உடம்பில் என்பதை நம்மவர் குறித்துக்கொள்ள வேண்டும். புதியது எதுவாயினும் முதலில் எளியவன் உடம்பைத்தானே நாடுகிறது! 1847-இல் எடின்பரோவில் சிம்ப்சன் என்பார் பிரசவத்திற்குக் குளோரோபாரம் தந்த பிறகு, மெஸ்மரிஸம் பின்தள்ளப்பட்டது.

நிற்க. பிரசவத்தைப் பற்றி இவ்வழியில் ஆழ்ந்து எண்ணியவர் இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக்-ரீட். 1933-இலும் 1942-இலும் வெளியிட்ட நூல்களில் அவர் கூறியதன் சாரம் இது: அச்சம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியை மிகுவிக்கிறது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. தறியில் நின்ற எனக்கு இது எளிதில் விளங்கிற்று. அளவுக்கு மேல் இறுகிய பாவில் இழை அறுந்துகொண்டேயிருக்கும். தறிகாரன் எவ்வளவு கூவினும் துணி நகராது. 2012-இல் நார்வே நாட்டில் வெளியான ஓர் ஆய்வு 2,206 பெண்களைப் பற்றியது. பிரசவ அச்சம் மிகுந்தோர்க்கு, பிற காரணங்களைக் கழித்த பின்னும், பேறு சுமார் 47 நிமிடம் நீண்டது என அது கண்டது.

ஆகவே அச்சத்தைத் தணிப்பது வீண் வேலையன்று. ஆயினும் மனோவசியப் பயிற்சி எவ்வளவு செய்யும்? இங்கிலாந்தில் 680 பெண்களை இரு கூறாக்கி நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரு கூறினர்க்கு 32-ஆம் வாரத்திலும் 35-ஆம் வாரத்திலும் ஒன்றரை மணி நேர வகுப்பும், வீட்டில் நாள்தோறும் கேட்க ஒலிப்பதிவும் தரப்பட்டன. முதுகில் இடும் வலிநீக்கு ஊசியை நாடியோர் தொகை இரு கூறிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பயின்றோர்க்கு, தாம் எதிர்பார்த்ததைவிட அச்சமும் கவலையும் குறைவாயிருந்தன எனத் தெரிந்தது. ஒன்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2016-ஆம் ஆண்டு மதிப்பீடும் வலிமருந்தின் தேவை ஓரளவு குறையலாம் என்றதேயன்றி, வலி ஒழியும் எனக் கூறவில்லை. முதல் அம்பு இருக்கவே இருக்கிறது. இரண்டாவதின் கூர்மையே மழுங்குகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ததாகதர் கூறியதும் இவ்வளவே.

இனி அங்குலிமாலரின் வரலாற்றைப் பார்ப்போம். மஜ்ஜிம நிகாயம் கூறுவது இது. சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்ற அவர், பேறு முட்டி வருந்தும் ஒரு பெண்ணைக் கண்டு மனம் கலங்கி, பகவானிடம் வந்து கூறினார். பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை என்னும் சத்தியத்தால் அவளுக்கு நலம் உண்டாகுக எனச் சொல்லுமாறு பகவான் பணித்தார். அங்குலிமாலரோ, பலரைக் கொன்ற தாம் அப்படிச் சொன்னால் பொய்யாகுமே என்றார். அதன்மேல் பகவான், ஆரியப் பிறப்பில் பிறந்தது முதல், அதாவது துறவு பூண்டது முதல், எனத் திருத்திச் சொல்லச் செய்தார். தாயும் சேயும் நலமுற்றனர். இலங்கையிலும் பர்மாவிலும் இன்றும் கர்ப்பிணிகளுக்காக இப்பரித்தம் ஓதப்படுகிறது.

இதனை மந்திரமாக்கி, பரித்த நூலைத் தாயத்துப்போல் கட்டி, மருத்துவமனைக்குப் போகாதிருப்போர் நம்மில் எவரேனும் உண்டாயின், அவர் பழைய குழியிலேயே மீண்டும் விழுந்தவர். நான் இதில் காண்பது வேறு. ஊரே கண்டு நடுங்கிய ஒருவர் வாயிலிருந்து, தம்மால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை என்னும் சொல்லை நோவுற்றவள் கேட்கிறாள். அஃது அபயதானம். மேலும், நோவுற்றவளைத் தேற்றுவதற்காகவும் அவர் பொய் சொல்ல ஒப்பவில்லை. நானோ வலியே இராது என்றேன்.

பயிற்சி வருமாறு. ஏழாம் மாதத்திலிருந்து நாள்தோறும் இருபது நிமிடம் போதும். மல்லாந்து படுக்கலாகாது, கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். இடப்புறம் ஒருக்களித்துக் கிடக்கலாம், சாய்ந்து உட்காரலாம். ஆனாபானசதியில் கற்றபடி மூச்சை அதன் போக்கில் அறிக. பின்னர் வெளிமூச்சைச் சற்றே நீட்டுக. ஒவ்வொரு வெளிமூச்சிலும் நெற்றி, தாடை, தோள், உள்ளங்கை, இடுப்பு என ஒவ்வோர் உறுப்பாகத் தளர விடுக. தாடையை மறவாதீர், பல்லைக் கடித்தவளுக்கு உடம்பு முழுவதும் இறுகும். வேகமாக மூச்சிரைத்தால் தலைசுற்றும், விரல்கள் மரத்துப்போகும், அது கூடாது. துணையிருப்பவர் தாழ்ந்த குரலில் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லுக. ‘வலி ஏறுகிறது, இறங்கும்’ என்பது போதும், அது மெய்யும் ஆகும். இரு வலிகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வைப் பேச்சால் கெடுக்காதீர். வலிப்பு நோயோ மனநோயோ உடையவர் மருத்துவரைக் கேளாமல் மனோவசியப் பயிற்சியில் இறங்கலாகாது.

துணை யார்? அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிகாட்டியிருக்கிறது. தாயோ, அக்காளோ, மாமியாரோ, முன்கூட்டியே கேட்டு வைத்து, அவரும் உடனிருந்து பழகுக. செத்தவர் கதை சொல்லும் கிழவியரை அந்த மாதங்களில் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கணவன்மார் இப்பாடம் தமக்கன்று என எண்ண வேண்டா. வீட்டில் இரவுதோறும் அச்சொற்றொடரைச் சொல்லிப் பழக்க வேண்டியவர் அவரே. வலி தாளாது ஊசி கேட்கும் பெண்ணை ஒருவரும் குறை கூறலாகாது.

லும்பினியில் சால மரக்கிளையைப் பற்றி நின்றபடியே மாயாதேவியார் பெற்றார் என்பது மரபு. நின்றும் நடந்தும் வலியைத் தாங்குவது நல்லது என இன்றைய மருத்துவமும் ஒப்புகிறது. ஆனால் அந்த அம்மையார் ஏழாம் நாள் மறைந்தார் என்பதும் அதே மரபு. உலகின் ஆசானைப் பெற்றவளுக்கே அது நேர்ந்தது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி நம் நாட்டில் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தனர். ஆதலின் இரத்தப் போக்கு, கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடநீர் பச்சையாய் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சியை அந்தக் கணமே விட்டு, 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்க. பிள்ளை பிறந்த பின்னரும் ஆறு வாரம் வரை இவ்விழிப்பு வேண்டும். இரத்தப் போக்கும் வலிப்பும் காய்ச்சலும் அப்போதும் வரும்.