கூடி உழைப்போரின் குணம் அறிதல்



ஓர் அலுவலகத்திலோ, பட்டறையிலோ, கடையிலோ பத்துப் பேர் சேர்ந்து உழைக்கிறார்கள் என்றால், அந்தப் பத்துப் பேரும் ஒரே விதமாய் வேலை செய்வதில்லை. ஒருவர் எதையும் சட்டென்று முடிக்கப் பார்ப்பார். மற்றொருவர் நின்று நிதானித்துச் செய்வார். ஒருவர் நாலு பேரிடம் பேசி வழி காண்பார்; இன்னொருவர் வாய் திறவாமல் யோசிப்பார். இவ்வேற்றுமையைக் குற்றமென்று எண்ணுவதால் மனத்தாங்கல் பிறக்கிறது. "அவன் மந்தம்", "அவள் தொணதொணப்பு" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அப்பெயரைச் சுமந்தவர் நாளடைவில் மனம் குன்றி வேலையை விடுகிறார், அல்லது விலக்கப்படுகிறார். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதனால் கெடுகிறது. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வது நன்று.

கெட்டிக்காரர் மட்டும் போதுமா?

இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லி என்னும் ஊரின் அருகே நிர்வாகிகளுக்குப் பயிற்சி தரும் கல்லூரி ஒன்று இருந்தது. மெரிடித் பெல்பின் என்னும் ஆராய்ச்சியாளர் 1970-களில் தம் துணைவர்களோடு பல ஆண்டுகள் அங்கே சோதனை நடத்தினார். பயிற்சிக்கு வந்தவர்களைச் சிறு குழுக்களாய்ப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு வியாபார நிறுவனம் என்று பாவித்து, போட்டி விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தார். ஒவ்வொருவருடைய அறிவும் சுபாவமும் முன்னதாகவே பரீட்சிக்கப்பட்டிருந்தன. பேச்சில் யார் எவ்விதம் பங்கெடுத்தார் என்பதையும் பார்வையாளர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மிகக் கூர்மையான அறிவுடையவர்களை ஒன்றாய்ச் சேர்த்து, அக்குழுக்களுக்கு "அப்பல்லோ" என்று பெயரிட்டார். இவர்களே ஜெயிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அவ்வாறு நடக்கவில்லை. அத்தகைய 25 குழுக்களில் 3 மட்டுமே முதலிடம் பெற்றன. காரணம் யாது? ஒவ்வொருவரும் தம் கருத்தை நிலைநாட்டவும், பிறர் கருத்தில் ஓட்டை காணவுமே பொழுதைக் கழித்தனர். செய்யவேண்டிய சில்லறை வேலைகள் செய்யப்படாமலே கிடந்தன.

ஒன்பது வகைப் பங்கு

பெல்பின் தாம் கண்டவற்றை 1981-ல் நூலாக வெளியிட்டார். ஒரு குழு நன்கு நடக்க 8 வகைப் பங்குகள் தேவை என்றார். பிற்பாடு ஒன்பதாவதும் சேர்க்கப்பட்டது. அவை நமக்குப் புரியும்படி, ஓர் அச்சகத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

1. புது யோசனை சொல்கிறவர்: அழைப்பிதழை இதுவரை யாரும் செய்யாத அமைப்பில் செய்யலாம் என்பார். சில்லறை விவரங்களைக் கவனியார்.
2. வெளியே தொடர்பு தேடுகிறவர்: காகிதம் எங்கே மலிவு என்று அறிந்து வருவார். தொடக்கத்து உற்சாகம் விரைவில் ஆறிவிடும்.
3. ஒருங்கிணைக்கிறவர்: யாருக்கு எந்த வேலை தகும் என்று பகிர்ந்து கொடுப்பார். தம் வேலையையும் பிறர் தலையில் கட்டுகிறார் என்ற பேச்சு எழும்.
4. முடுக்கிவிடுகிறவர்: "இன்றைக்கே முடியவேண்டும்" என்பார். சுடுசொல் வந்துவிடும்.
5. சீர்தூக்கிப் பார்க்கிறவர்: "இந்த விலைக்குக் கட்டாது" என்று கணக்குக் காட்டுவார். பிறரை உற்சாகப்படுத்த அறியார்.
6. இணக்கம் காக்கிறவர்: சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வார். நெருக்கடியில் முடிவு சொல்லத் தயங்குவார்.
7. செயலாக்குகிறவர்: சொன்னதை ஒழுங்காய் நடத்திவைப்பார். திடீர் மாறுதலை விரும்பார்.
8. குறைதீர முடிக்கிறவர்: புரூப்பை மூன்றாம் முறையும் பார்ப்பார். வீண் கவலை அதிகம். வேலையைப் பிறரிடம் விடமாட்டார்.
9. துறை நிபுணர்: இயந்திரத்தின் நாடி அறிந்தவர். அதற்கப்பால் அக்கறை கொள்ளார்.

ஒவ்வொரு குணத்துக்கும் ஒட்டிய குறை ஒன்று உண்டென்பதைக் கவனியுங்கள். ஒரு திறமைக்கு நாம் கொடுக்கும் விலை போன்றது அக்குறை. ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கது என்பதே பெல்பின் கருத்து. முகூர்த்தத் தேதி தவறாய் அச்சாகி ஆயிரம் அழைப்பிதழ் வீணாகாமல் தடுப்பவர், அந்தத் "தொணதொணப்பு" மனிதரே அல்லவா? அவரை விலக்கினால் அமைதி கிடைக்கும். ஆனால் பிழையும் கூடவே வரும்.

அப்படியானால் சுடுசொல்லையும் சோம்பலையும் பொறுத்தே போகவேண்டுமா? அதுவன்று. முடுக்கிவிடுகிறவர் அவசரப்படுத்தலாம், பிறரை அவமதிக்க அவருக்கு உரிமையில்லை. யோசனை சொல்கிறவர் விவரங்களை மறக்கலாம். கொடுத்த வாக்கை மறக்கலாகாது. சுபாவத்தின் குறை வேறு, கடமையில் தவறுவது வேறு. இரண்டையும் பிரித்தறிவதே மேலாளரின் விவேகம்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, ஒன்பது பங்கு என்றால் ஒன்பது ஆள் வேண்டும் என்பதில்லை. ஒருவரே இரண்டு மூன்று பங்குகளை ஏற்கக்கூடும். நாலு பேர் உள்ள இடத்திலும், எந்தப் பங்கு விடுபட்டிருக்கிறது என்று பார்த்து ஒருவர் அதை மனமுவந்து ஏற்றால் போதும்.

இரண்டாவது, இதை ஜாதகம்போல் கொள்ளலாகாது. பெல்பின் வகுத்த வினாத்தாள் குணத்தைச் சரியாய் அளக்கிறதா என்று உளவியலார் சிலர் 1993-ல் ஐயம் எழுப்பினர். மனிதர் இடத்துக்கும் வேலைக்கும் ஏற்ப மாறுவர். "நீ இந்த வகை" என்று முத்திரை குத்தினால், பழைய பெயருக்குப் பதில் புதுப் பெயர் சூட்டியதாகுமே தவிர வேறு பயன் இல்லை.

இவ்வார அப்பியாசம்

உங்கள் வேலைத்தலத்தில் உங்களுக்கு அதிக எரிச்சலூட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் மூன்று கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள்:

அ) அவருடைய எந்தப் பழக்கம் எனக்கு எரிச்சல் தருகிறது?
ஆ) அதே பழக்கத்தால் எங்கள் வேலைக்கு எப்போதாவது நன்மை விளைந்ததுண்டா?
இ) அவர் ஒரு மாதம் வராவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?

மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்தால், மறுநாள் அதை அவரிடமே நேரில் சொல்லுங்கள். "நீங்கள் பார்த்துக்கொள்வதால்தான் இது நடக்கிறது" என்ற ஒரு வார்த்தைக்குச் செலவு ஒன்றுமில்லை. அதைக் கேளாமலே பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்கள் நம்மிடையே அநேகர்.