கல்லூரி வாயிலில்

மே திங்கள் வந்துவிட்டால் சென்னையின் மேற்குப் புறத்து ஊர்களில் ஒரே பேச்சாக இருக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திரும்பும் தந்தையரும், ஆவடியில் மின்சார இரயிலுக்குக் காத்து நிற்கும் அன்னையரும், பூவிருந்தவல்லிப் பேருந்து நிலையத்தில் சந்திக்கும் உறவினரும் ஒருவரையொருவர் வினவுவது ஒன்றே: "பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?" வினவுவோர் அன்பினாலேயே வினவுகின்றனர். ஆயினும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முடிவை எதிர்நோக்கியிருக்கும் மாணவர்க்கு அவ்வினா நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றது.

ஒவ்வொரு மாணவர் உள்ளத்திலும் ஒரு கல்லூரி குடிகொண்டிருக்கும். சிறு வயதில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு கிண்டிப் பொறியியற் கல்லூரியின் செந்நிறக் கட்டடத்தைக் கண்ட ஒருவன், தான் கற்றால் அங்கேதான் கற்பது என்று அன்றே உறுதி பூண்டிருப்பான். மற்றொருத்திக்குச் சென்னை மருத்துவக் கல்லூரியே கனவாக இருக்கும். இத்தகைய விருப்பம் நல்லதே. இரவில் கண் விழித்துப் படிக்கும் ஊக்கத்தைத் தருவதும் அதுவே. ஆனால், "அக்கல்லூரி இல்லையேல் எனக்கு வாழ்வே இல்லை" என்று எண்ணத் தொடங்கும்போது அவ்விருப்பம் அச்சமாக மாறிவிடுகின்றது. இடம் கிடையாதாயின் யாது செய்வது? இவ்வினாவை அஞ்சி ஒதுக்காமல், அமைதியாக எதிர்கொண்டு பார்ப்போம்.

முதற்கண், இடம் எவ்வாறு அளிக்கப்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியற் கல்விக்குக் கணித மதிப்பெண் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் தனித்தனியே ஐம்பதுக்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200-க்குத் தரவரிசை அமைக்கப்படுகின்றது. ஒரே மதிப்பெண்ணைப் பலர் பெறுவதுண்டு. அப்பொழுது கணித மதிப்பெண்ணையும், பின்னர் இயற்பியல் மதிப்பெண்ணையும் ஒப்பிடுவர். அவையும் சமமாயின் பிறந்த நாளையும் பார்ப்பர். இடங்களோ எண்ணிக்கையுடையன. இறுதி இடத்தைப் பெற்றவருக்கும் அதனை இழந்தவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு அரை மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். சில திங்கள் முன்பின் பிறந்ததாகவும் இருக்கலாம். இவ்வரிசை, இருக்கும் இடங்களைப் பங்கிடுதற்கு மக்கள் வகுத்துக்கொண்ட ஒரு முறை. அது மாணவரின் அறிவுக்கோ பண்புக்கோ வழங்கப்பட்ட தீர்ப்பு ஆகாது.

பூவிருந்தவல்லியிலிருந்து நகருக்குள் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், சேத்துப்பட்டு அருகே பச்சையப்பன் கல்லூரியைக் காணலாம். இக்கல்லூரி இங்கு வருவதற்கு முன்னர், உயர்நீதி மன்றத்திற்கு அண்மையில், இன்றைய பாரிமுனைப் பகுதியில் நடைபெற்றது. அங்கு 1906 ஆம் ஆண்டில் ஓர் ஏழை இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் இராமாநுசன். உலகம் போற்றும் கணித மேதையாகிய அவர், அன்று கல்லூரிக் கல்வியில் ஒருமுறை தோல்வியுற்று, இரண்டாம் முறை முயல வந்தவர்.

1887 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமாநுசன் கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, 1904 ஆம் ஆண்டில் உதவித் தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயின், கணிதத்தில் மூழ்கிய அவர் ஆங்கிலம் முதலிய பாடங்களைப் புறக்கணித்தார். தேர்வில் தவறினார், உதவித் தொகை பறிபோயிற்று. நாணமும் துயரமும் மேலிட, 1905 ஆம் ஆண்டில் வீட்டிற்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். அவரைக் காணாமல் பெற்றோர் பதைபதைத்தனர்.

பின்னர்த் திரும்பி வந்து பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் பயன் விளையவில்லை. 1906 ஆம் ஆண்டின் இறுதியிலும், 1907 ஆம் ஆண்டிலும் எப். ஏ. தேர்வில் மீண்டும் தவறினார். அத்தேர்வில் தேறாதார்க்குப் பட்டப் படிப்பு இல்லை. இருபது வயதிற்குள் அவருக்குக் கல்லூரி வாயில் அடைபட்டுப் போயிற்று.

ஆயினும், அடைபட்டது கல்லூரி வாயிலேயன்றிக் கல்வி அன்று. தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வந்தார். இம்முறை அவர் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. 1910 ஆம் ஆண்டில் அக்குறிப்பேடுகளை ஏந்திக்கொண்டு, இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசுவாமி ஐயரைத் திருக்கோவலூரில் நாடிச் சென்றார். நெல்லூரில் ஆட்சித்தலைவராக இருந்த இராமச்சந்திர ராவ் அவருக்குப் பொருளுதவி புரிந்தார். 1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிட்டியது. அதனை இழிவெனக் கருதாது ஏற்று, ஓய்ந்த நேரமெல்லாம் கணிதத்திற்கே அளித்தார்.

1913 ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதியனுப்பினார். அதற்கு முன்னர் வேறு இரு அறிஞர்க்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. எனினும் மூன்றாம் முறை எழுத அவர் கை தயங்கவில்லை. ஆர்டி அவர் திறத்தைக் கண்டு வியந்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவ்விளைஞருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. 1914 ஆம் ஆண்டில் கப்பலேறிய அவர், 1918 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 ஆம் ஆண்டில் முப்பத்திரண்டே வயதில் அவர் மறைந்தது சென்னைச் சேத்துப்பட்டில். அவரைத் தேர்வில் வென்றிராத கல்லூரி இன்று நிற்பதும் அதே பகுதியிலேதான்.

இவ்வரலாற்றைப் படித்து, "தோற்றவரெல்லாம் மேதையாவர்" என்று முடிவு செய்தல் தவறு. இராமாநுசன் உயர்ந்தது தோல்வியினால் அன்று; தோல்விக்குப் பின்னும் தொழிலை விடாமையால். மேலும், பிற பாடங்களைப் புறக்கணித்தது அவர் பிழையே. அதனால் அவரும் அவர் குடும்பமும் பட்ட துன்பம் சிறிதன்று. முதல் தோல்வியில் அவர் ஊரைவிட்டு ஓடினார், துயரமே மிஞ்சியது. பின்னைய தோல்விக்குப் பிறகு, தக்கோரை நாடிச் சென்றார், வழி பிறந்தது. நாம் கொள்ளத்தக்க பாடம் இவ்விரண்டின் வேறுபாட்டிலேயே உளது.

பிற நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1895 ஆம் ஆண்டில் பதினாறு வயது இளைஞர் ஐன்சுடைன், சுவிட்சர்லாந்தில் சூரிச்சு நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கியும், பொதுப் பாடங்களில் தவறினார். அவர் மனம் உடைந்து அமரவில்லை. ஆரௌ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஓராண்டு படித்துக் குறையை நிரப்பிக்கொண்டு, 1896 ஆம் ஆண்டில் அதே கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்ஙனமாயின், முடிவை எதிர்நோக்கியிருக்கும் மாணவர் இன்று செய்யத்தக்கது யாது? விரும்பிய கல்லூரியின் பெயருக்குக் கீழே வேறு மூன்று பெயர்களையும் எழுதி வைத்தல் வேண்டும். எக்கல்லூரி என்பதோடு எக்கல்வி என்பதையும் எண்ணுதல் வேண்டும். பொறியியல் பயில விரும்புவோர்க்கு வழி ஒன்றேயன்று. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டயம் பெற்றோர் பொறியியற் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேரலாம். அம்பத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உளது. அங்குக் கைத்திறன் பெற்றோரை ஏற்கும் பட்டறைகளும் அருகிலேயே உள்ளன. இளநிலையில் இடம் கிடையாத கல்லூரியில் முதுநிலைக்கு முயலவும் தடையில்லை. அண்மையில் உள்ள கல்லூரி எளிது என்று இகழ்தலும் ஆகாது. பட்டாபிராமில் உள்ள இந்துக் கல்லூரியின் பெயரையே அங்குள்ள இரயில் நிலையம் தாங்கி நிற்கின்றது. நாள்தோறும் அங்கு இறங்கிக் கற்போர் பலர்.

விரும்பிய இடம் கிடையாதாயின் வருத்தம் தோன்றுதல் இயல்பே. அழுகை வந்தால் அழலாம்; அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆனால், தனித்திருந்து அதனை வளர்த்தல் கூடாது. தாயிடமோ, தந்தையிடமோ, ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். சுமை பொறுக்கலாற்றாததாகத் தோன்றின், 104 என்னும் அரசு உதவி எண்ணை எந்நேரமும் அழைத்துப் பேசலாம். பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அன்றைய இரவு உணவோடு கலந்து பரிமாறாதிருத்தலே அது.

மாணவச் செல்வங்களே! கல்லூரி, நீங்கள் அமர்ந்து கற்கும் இடத்தை முடிவு செய்யலாம். நீங்கள் கற்பதா வேண்டாவா என்பதை முடிவு செய்ய அதனால் இயலாது. அம்முடிவு உங்கள் கையிலேயே உள்ளது. அடுத்த முறை பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே செல்லும்போது சேத்துப்பட்டில் ஒரு கணம் தலை நிமிர்ந்து பாருங்கள். தேர்வில் இருமுறை தவறிய ஓர் இளைஞர், கற்பலகையைக் கீழே வைக்காதிருந்தது உங்கள் நினைவிற்கு வரட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பொறியியற் கல்லூரி இடங்களுக்குரிய தரவரிசை எவ்வாறு அமைக்கப்படுகின்றது?
2. முதல் தோல்விக்குப் பின் இராமாநுசன் செய்ததற்கும், பின்னைய தோல்விக்குப் பின் செய்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. "அடைபட்டது கல்லூரி வாயிலேயன்றிக் கல்வி அன்று" - விளக்குக.
4. விரும்பிய கல்லூரியில் இடம் பெறாத நண்பர் ஒருவர்க்கு ஆறுதல் கூறிக் கடிதம் எழுதுக.