கையெழுத்து முதலில், தாலி பிறகு

ஊட்டமலை, ஒகேனக்கல்

அன்புள்ள மலருக்கு,

மாப்பிள்ளை வீட்டில் சம்மதம் சொன்ன மறுநாளே உன் அம்மா மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டாள். மண்டபம் எங்கும் ஓடிவிடாது. பையன் கனடா குடிமகன், நீ இந்தியக் குடிமகள். முகூர்த்தம் குறிக்கும் முன்பு சட்டத்தின் நாள்கணக்கைப் பார்த்தாக வேண்டும். உன்னைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பான்சர் என்றாலே டொராண்டோவில் அவர் தொடங்குகிற வேலை என்று நினைக்கிறீர்கள். அது தொடங்கும் இடம் பென்னாகரம் சார்பதிவாளர் அலுவலகம். அந்த வாசலில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேள்.

ஒருவர் கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்கும்போது, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் போவதுதான் வம்பில்லாத வழி. முதலில் அறிவிப்பு மனு கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளுக்கு முன்பாக உங்கள் இருவரில் ஒருவராவது தொடர்ந்து 30 நாள் இந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். நீ இருப்பதோ ஓசூர் ஹாஸ்டலில். அது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆகவே லீவு போட்டோ, வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேட்டோ முதலில் இங்கே வந்து சேர். மனு கொடுத்தபின் ஆட்சேபணைக்கு 30 நாள். அதன் பிறகு திருமணம் நடக்கலாம். ஆனால் மனு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது செல்லாது, புதிதாகக் கொடுக்க வேண்டும். மனு கொடுக்கும்போதே மாப்பிள்ளை நேரில் நிற்க வேண்டுமா, அவர் மணமாகாதவர் என்பதற்கு எந்தச் சான்று வேண்டும் என்பதை டிக்கெட் போடும் முன் அலுவலகத்தில் கேட்டுவிடு.

‘கோயிலில் தாலி கட்டிவிட்டு அப்புறம் பதிந்தால் போச்சு’ என்பாள் உன் அம்மா. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பேருமே 30 நாள் இந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அறிவிப்பு நாள்கள் வேறு. மூன்று வார லீவில் வருகிறவருக்கு ஆகிற காரியமா இது? கையெழுத்து முதலில் ஆகட்டும். தாலியை மறுநாளே தேசநாதீஸ்வரர் கோயிலில் கட்டிக்கொள்ளுங்கள், யார் தடுத்தது?

அடுத்தது பெயர். உன் மதிப்பெண் பட்டியலில் ‘கோ. மலர்விழி’, ஆதாரில் ‘மலர்விழி கோவிந்தன்’. பாஸ்போர்ட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. கோ என்பது கோவிந்தன்தான் என்று நமக்குத் தெரியும், கனடா அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே திருமணச் சான்றிதழிலும் வர வேண்டும். பதிவேட்டில் ஏறியபின் திருத்த அலைவதைவிட, ஏறும்முன் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒப்பிடுவது மேல்.

இனி கனடா பக்கம். நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியவை சில உண்டு, கூச்சப்படாதே. அவரே மனைவி ஒருத்தியின் ஸ்பான்சரில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கியவர் என்றால், அன்றிலிருந்து ஐந்தாண்டு முடியும்வரை இன்னொரு மனைவியை அழைக்க முடியாது. ஊனம் தவிர்த்த வேறு காரணத்துக்காக அரசு உதவிப்பணம் வாங்குகிறவரும் அழைக்க முடியாது. மனைவியை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. ஆனால் மூன்றாண்டு உன்னைப் பராமரிப்பதாக அந்த அரசுக்கு அவர் எழுதிக்கொடுக்கிறார். நடுவில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. இன்னொன்றையும் மனதில் வை. இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் பி.ஆர். நிலைக்கும் என்ற நிபந்தனை முன்பு இருந்தது, 2017இல் எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லி உன்னை யாரும் மிரட்ட முடியாது.

போனிலோ வீடியோவிலோ, ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை 2015 ஜூனிலிருந்து அவர்கள் ஏற்பதில்லை. நேரில் நடந்த திருமணமும் உண்மையானதுதானா என்று பார்ப்பார்கள். அதற்குத்தான் படங்கள். பரிசலில் நீங்கள் இருவரும் மட்டும் சிரிக்கிற படம் ஒன்று போதும். உன் ஆயா வெற்றிலைத் தட்டை அவர் கையில் கொடுக்கிறாளே, பின்னால் சித்தப்பா வாயைப் பிளந்து நிற்க, அந்தப் படம் பத்துக்குச் சமம். பின்பக்கம் தேதி, இடம், யார் யார் என்று எழுதி வை. பேசிய அழைப்புகளின் பட்டியல், அவர் வந்துபோன டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதே.

அவருடைய விண்ணப்பமும் உன்னுடையதும் ஒன்றாகவே ஆன்லைனில் போகின்றன. போலீஸ் சான்று, கைரேகை, அவர்கள் குறித்த மருத்துவரிடம் பரிசோதனை எல்லாம் வரிசையில் வரும், பயப்பட ஒன்றுமில்லை. ஏஜென்ட் கட்டாயமில்லை. பணம் வாங்குகிறவர் அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். ‘ஒரு சின்னப் பொய்தான்’ என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. கண்டுபிடித்தால் ஐந்தாண்டுக்கு கனடாப் பக்கம் தலைவைக்க முடியாது.

பாஸ்போர்ட், ஆதார், பத்தாம் வகுப்புப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. ஞாயிறு வேண்டாம், அருவிக்கு வரும் வண்டிகளில் ரோடே அடைத்துக்கிடக்கும். செவ்வாய் காலை வந்தால் அன்றே பென்னாகரம் போய்விடலாம்.

அன்புடன்,
பெரியப்பா