மட்டாஞ்சேரி வீட்டில் இரண்டு கிதார்: பயனுள்ள குறிப்புகள்

பாடகர் மெஹபூபையும் கஜல் பாடகர் உம்பாயியையும் தந்த ஊர் கொச்சி. இன்றும் அங்குள்ள மட்டாஞ்சேரியின் இசைக்கலைஞர் ஒரு நாள் மாடியறை மெஹ்ஃபிலில் (இசைக் கூடுகையில்) அகௌஸ்டிக் கிதார் வாசிப்பார். மறுநாள் எர்ணாகுளம் மேடையில் எலெக்ட்ரிக். ஒன்றுக்கு ஈரம் பகை. மற்றொன்றுக்கு உப்புக்காற்றும் எர்த் இல்லாத மின்சாரமும்.

1. அகௌஸ்டிக் கிதாரைச் சுவரில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் கக்கும். மரம் ஊதி மேல்பலகை உப்பும், கம்பி உயர்ந்து விரல் வலிக்கும். பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். உள்ளே ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. சிறிய ஈரமானி ஒன்று போதும்.

2. பெட்டியில் ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் போடுங்கள். ஈரம் குடித்தால் பச்சையாகும்; மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். அதற்கென்று தனிச் சட்டி வையுங்கள், சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

3. ஏசி காரிலிருந்து இறக்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் வெளிக்காற்று பட்டால் நீர் கோக்கும். அரை மணி நேரம் பொறுங்கள்.

4. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு கம்பியைத் தொடாதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

5. ஒரு கிதாரின் கம்பியை மற்றதில் கட்டாதீர்கள். எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் காந்தத்தால் இயங்குவது. வெண்கலம் சுற்றிய அகௌஸ்டிக் கம்பி அதில் மங்கலாகத்தான் ஒலிக்கும். 9-ஆம் எண் மெல்லிய கம்பிக்குப் பழகிய விரல், 12-ஆம் எண்ணில் திணறும். மெஹ்ஃபிலுக்கு இரண்டு நாள் முன்பே அகௌஸ்டிக்கில் பயிற்சி எடுங்கள்.

6. பிக்கப் வைத்த அகௌஸ்டிக்கில் ஒயரைச் செருகினாலே உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி செலவாகத் தொடங்கும். இடைவேளையில் கழற்றிவிடுங்கள், பையில் ஒரு பேட்டரி கூடுதலாக இருக்கட்டும்.

7. இரைச்சல் வருகிறது என்று ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பாடும்போது உதட்டில் சுருக்கென்றால் உடனே நிறுத்தி, மைக்செட்காரரைக் கூப்பிடுங்கள்.

8. மேடையில் அகௌஸ்டிக் 'ஊய்' என்று கத்தினால் ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் விலகுங்கள். கிதாரின் வாயை ரப்பர் மூடியால் அடைத்தால் கத்தல் குறையும்.

9. ஒயரை முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே செம்பு அறுந்துவிடும். தளர்வான வளையமாகச் சுருட்டுங்கள்.

  

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். மே மாதமே இரண்டு பெட்டிகளையும் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.