இலையை விடுங்கள், தண்டைப் பாருங்கள்

ஆசையாகக் கேட்டு வாங்கிவந்த மணி பிளான்ட் கட்டிங் மஞ்சளடித்துத் தொங்கினால், நம் கை முதலில் உரத்தைத் தேடும். அது வேண்டாம். வேர் பிடிக்காத தண்டுக்கு உரத்தால் பயனில்லை, அழுகல்தான் கூடும். பல வருடங்களாக வீட்டில் கட்டிங் வைத்துப் பழகியதில், வாடியதைப் பிழைக்கவைக்க நான் பார்ப்பவை இவை.

முதலில் தண்டைத் தொட்டுப் பார்ப்பேன். கெட்டியாகப் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அடி கொழகொழவென்று பழுப்பாகி நாறினால் அழுகல். டெட்டால் தொட்டுத் துடைத்த பிளேடால், உள்ளே பழுப்பே தெரியாத இடம்வரை வெட்டிவிடுவேன். செடியின் சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.

அடுத்து, கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு சிறு முண்டு இருக்கும். வேர் அங்கிருந்துதான் வரும். கட்டிங்கைத் தண்ணீர் பாட்டிலில் வைக்கும்போது ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கணு இல்லாமல் இலையை மட்டும் வைத்தால் அது நெடுநாள் பச்சையாக நிற்கும், சமயத்தில் வேர்கூட விடும். துளிர் மட்டும் வராது.

தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும். வேருக்குக் காற்றும் வேண்டும். தேங்கிய நீரில் அது குறைந்துபோவதால் நான்கைந்து நாளுக்கொருமுறை பாட்டிலைக் கழுவித் தண்ணீரை மாற்றுவேன். கண்ணாடி பாட்டிலில் பாசி பிடித்தால் வெளியே காகிதம் சுற்றினால் போதும். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம் நல்லது. ஏசி, ஃபேன் காற்று நேராகப் படும் இடத்தில் இலை சீக்கிரம் காயும்.

அடி இலை ஒன்று மட்டும் மஞ்சளானால் கவலை வேண்டாம். பழைய இலையில் உள்ள சத்தை இழுத்துத்தான் செடி வேரும் துளிரும் விடுகிறது. வேரில்லாத தண்டால் நிறைய இலைகளைத் தாங்க முடியாது. இரண்டு மூன்று இருந்தால் போதும்.

வேர் ஐந்து சென்டிமீட்டர் நீண்டதும் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், கோகோ பீட், மணல் மூன்றும் சம அளவு. தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். அதுவரை இலை தளர்ந்தால் பயப்படாதீர்கள். மண்ணை ஈரமாக வைத்தால் போதும், சேறாக்க வேண்டாம். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்த்தால் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். புதுத் துளிர் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வேர் பிடித்திருக்கும்.

எல்லா இலையும் கொட்டிவிட்டாலும் அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள். கணு கெட்டியாக இருந்தால் மொட்டைத் தண்டும் துளிர்க்கும். அதற்கு இன்னும் சில வாரம் இடம் கொடுங்கள்.